கண்ணாடியில் கவிழ்ந்த கடை

அரூர் கடைவீதியில், சந்தைக்குப் போகும் பாதை பிரிகிற இடத்தில் ஒரு மளிகைக் கடை இருந்தது. அந்தக் கடையின் புகைப்படங்கள் இரண்டு மிஞ்சியிருக்கின்றன. ஒன்று 1935இல் எடுத்தது, மற்றது 1941இல். முதல் படத்தில் ஒரு பெண்ணின் கை மட்டும் எட்டிப் பார்க்கிறது. இரண்டாவதில் ஓர் ஆணின் பாதி உடம்பு. கை சாலம்மாளுடையது. பாதி உடம்பு அவர் கணவரின் அண்ணன் கருப்பண்ணனுடையது. நடுவில் உட்கார வேண்டியவர் ஓரத்துக்குப் போனதும், மறைவில் நின்றவர் நடுவுக்கு வந்ததும் இந்த இரண்டு படங்களுக்கு இடையில் நடந்தவை.

அந்தக் காலத்துக் கடைப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலாளி சம்மணம் போட்டு, போலீஸ்காரர் பிடித்து உட்காரவைத்தது போல விறைப்பாக இருப்பார். நல்ல சரக்கெல்லாம் முன்னுக்கு வந்திருக்கும். சாமி படத்துக்குப் புதுப் பூ. வாங்க வந்தவர் மட்டும் இருக்க மாட்டார். அவர் அசைந்தால் படம் கெட்டுவிடும் என்று விரட்டிவிடுவார்கள். வாங்குகிறவரே இல்லாத கடைகள், எத்தனையோ படங்களில்.

1935 படமும் அந்த ஜாதிதான். நடுவில் சாலம்மாளின் கணவர் கிருஷ்ணப்பன். ஒரு பக்கம் துவரை, சாமை, ராகி மூட்டைகள். மறுபக்கம் புளிக்கூடையும் மண்ணெண்ணெய் டின்னும். தலைக்கு மேல் லட்சுமி படம். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, சரியப்போன அளவுப் படியைப் பிடித்திருக்கிறது. படத்தில் பெண்பிள்ளை எதற்கு என்று சாலம்மாளை உள்ளே போகச் சொல்லியிருந்தார்கள். போனார். படி சரிவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கிருஷ்ணப்பனின் முகம்கூட லேசாகக் கலங்கித்தான் விழுந்திருக்கிறது. அந்தக் கை அசையவே இல்லை.

கடை நடந்ததும் ஏறக்குறைய அப்படித்தான். கிருஷ்ணப்பன் சரக்குப் பிடிக்க ஊர் ஊராகப் போவார். நிறுத்தது, அளந்தது, பொட்டலம் மடித்தது, எந்த வீட்டுக்கு எந்தப் பருப்பு வேகும் என்று தெரிந்து கொடுத்தது எல்லாம் சாலம்மாள்.

1940 தை மாதம் கிருஷ்ணப்பன் காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. கடை எங்கள் அப்பா போட்டது, இனி எனக்குத்தான் என்றார் கருப்பண்ணன். நிலம், வண்டி, மாடு எல்லாம் உள்ளவர். சாலம்மாளைத் தெருவில் விடப்போவதாகவும் அவர் சொல்லவில்லை. தன் வீட்டில் ராகி திரித்துக்கொண்டு ஒரு மூலையில் இருக்கலாம் என்றார். சாலம்மாளுக்கு அந்த மூலை வேண்டாம், கடைதான் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் யோசித்தார்கள். பச்சியப்பன் என்ற பெரியவர்தான் முடிவு சொன்னார்.

"வருஷத் திதி வரைக்கும் அந்தப் புள்ளயே நடத்திப் பாக்கட்டும். கடை நடந்தா அப்பறம் பேசிக்கலாம். நடக்கலீன்னா நீ எடுத்துக்கப்பா."

சரக்கும் இருந்தது, கையும் பழகிய கைதான். இடறியது போணி. காலையில் கடை திறந்து நடக்கும் முதல் வியாபாரம் அது. போணி நன்றாக அமைந்தால் அன்றைய பொழுது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நன்றாக இருக்கும் என்பது எல்லோரும் நம்பியது. கணவனை இழந்தவள் கையால் போணி வாங்க அரூரில் யாருக்கும் துணிவு வரவில்லை. சாலம்மாளிடம் யாருக்கும் கோபம் இல்லை. அவர் எடை பிசகாது என்றும் தெரியும். இரண்டாவது ஆளாக வாங்க எல்லோரும் தயார். முதல் ஆளாக மட்டும் மாட்டார்கள். விடிந்தால் கடை முன்னால் இரண்டு மூன்று பெண்கள் கையில் கூடையோடு நிற்பார்கள்.

"நீ வாங்குக்கா, நான் அப்பறம் வாங்கிக்கறேன்."

"எனக்கென்ன அவசரம்? அடுப்பே இன்னும் பத்த வெக்கல."

"பத்த வெக்காத அடுப்புக்கு விடியறதுக்குள்ள எதுக்கு மொளகா வாங்க வந்த?"

உள்ளேயிருந்து சாலம்மாள் கேட்பார்: "நின்னு நின்னு காலு வலிக்கும். உக்கார ஒரு சாக்கு போடட்டுங்களா?"

இந்த முடிச்சை அவிழ்த்தவர் செல்லி. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து, ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்தவர். தினமும் விறகுக் கட்டோடு கடைவீதிக்கு வருவார். ஒரு நாள் கட்டை இறக்கிவைத்துவிட்டு, நின்றிருந்த பெண்களை விலக்கிக்கொண்டு மடியை ஏந்தினார்.

"உப்பு போடுக்கா. கொஞ்சம் பொகையிலையும் குடு."

சாலம்மாள் மறைக்கவில்லை. "இன்னும் போணி ஆவல செல்லி. யோசிச்சுக்க."

"யோசிக்க என்ன கெடக்குது? எம் மொதப் புருசன் செத்து ரெண்டாவது கட்டுனவ நான். எங்கையால வெதச்ச சாமை மொளைக்காமயா போச்சு? வூட்டுக்காரர் செத்துட்டா உப்பு கரிக்காதா?"

மடியில் உப்பு விழுந்த மறு நிமிஷம், காத்திருந்த பெண்கள் முண்டியடித்தார்கள். அன்று முதல் செல்லியின் உப்புதான் கடைக்குப் போணி. எவ்வளவு உப்புதான் தின்பாய் என்று செல்லியின் புருஷன் திட்டுவாராம். மழை பெய்து விறகு வராத நாட்களில் மட்டும் கடை உச்சிவேளை வரை ஈ ஓட்டும். அந்த நாட்களைக் கருப்பண்ணன் தவறாமல் பெரியவர்கள் காதில் போட்டார்.

"ஒரு மலைக்காரி மடிய நம்பி நடக்கறது கடைங்களா? செல்லி நாளைக்கு மலையேறிப் போயிட்டா?"

பெரியவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. வருஷத் திதி முடிந்தது. கருப்பண்ணன் கடையை எடுத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அவர் பஞ்சாங்கம் பார்க்காமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகாதவர். மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். தீர்த்தமலைத் திருவிழாக் கூட்டத்தைப் படம் பிடிக்க வருஷா வருஷம் சேலத்திலிருந்து வருகிற இன்னாசியையும் வரச்சொன்னார். பழைய படத்தை எடுத்தவரும் இன்னாசிதான். கடை நடுவில் யார் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறாரோ அவரே முதலாளி என்று ஊர் பார்க்கும். பத்திரத்தைப் படிக்க நாலு பேருக்குத்தான் தெரியும், படம் எல்லோருக்கும் புரியும் என்பது கருப்பண்ணன் கணக்கு.

வெள்ளிக்கிழமை காலை சாலம்மாள் மூட்டைகளை ஒழுங்குபடுத்தினார். தராசுத் தட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துத் தொங்கவிட்டார். கீழே இறங்கி ஓரமாக நின்றார். தெருவில் நல்ல கூட்டம். விறகுக் கட்டோடு வந்த செல்லி, உப்பை இனி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றார். புது வேட்டியில் கருப்பண்ணன் கடைப் படிக்கல் அருகே நல்ல நேரத்துக்குக் காத்திருந்தார். இன்னாசி மூன்று கால் மேல் கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"நான் உக்கார்ற எடம் நட்டநடுவுல வருதான்னு நானே ஒருக்கா பாத்தர்றேன்" என்றார் கருப்பண்ணன்.

"பாருங்க. ஆனா உள்ள..." என்று இன்னாசி தொடங்குவதற்குள் கருப்பண்ணன் தலை துணிக்குள் போய்விட்டது.

பிறகு துணி ஆடியது. வெளியே வந்த முகம் வெளுத்திருந்தது.

"லச்சுமி தலகீழாத் தொங்குது."

"என்னப்பா சொல்ற?" என்றார் பச்சியப்பன்.

"கடையே கவுந்து கெடக்குதுங்க! மூட்டையெல்லாம் மேல, கூரை கீழ. காலெடுத்து வெக்கற நேரத்துல இப்பிடிக் காட்டுதே!"

பச்சியப்பன் தன் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுத் துணிக்குள் போனார். வெளியே வந்து தலையாட்டினார். "ஆமாம்பா. கவுந்துதான் கெடக்குது."

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. சகுனம் யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. உள்ளே காலெடுத்து வைக்கப் போனவருக்குத்தான்.

"நானும் பாக்கட்டுங்களா?" என்று சாலம்மாள் கேட்டார். மற்ற இருவரையும்விட அதிக நேரம் துணிக்குள் இருந்தார். படிக்கல் மேலே, லட்சுமி கீழே. சாக்குகள் வாய் திறந்தபடி தலைகீழாகத் தொங்கின. தராசும் கவிழ்ந்து நின்றது. வெளியே வந்தவர் செல்லியிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்றவர்கள் கேட்டார்கள்.

"தலகீழாத்தான் தொங்குது. ஆனா ஒரு பருப்புகூடச் சிந்தல, பாத்தியா."

இன்னாசி தொண்டையைக் கனைத்தார். "அது ஒன்னுமில்லீங்க, இந்தக் கண்ணாடி எப்பவுமே..."

"வெயிலு ஏறுதுங்கண்ணே" என்றார் சாலம்மாள். இன்னாசி அவர் முகத்தைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"கவுர்ற கடையில நான் காலு வெக்க மாட்டேன். அவளே வெச்சுக்கட்டும்" என்றார் கருப்பண்ணன்.

"வேணாம்னு நீயாத்தான் சொல்ற. நாளைக்கு மாத்திப் பேசக் கூடாது" என்றார் பச்சியப்பன்.

"பேச மாட்டேன்."

அந்தக் காலத்துக் கேமராவின் கண்ணாடியில் எந்தக் கடையும் தலைகீழாகத்தான் தெரியும். அதை இன்னாசியைச் சொல்லவிடாமல் சாலம்மாள் செய்தது சரியா? ஒரு வருஷம் அவரைப் போணிக்காகக் காக்கவைத்த அதே சகுன பயம் அன்று அவருக்கு வேலை செய்தது. அதை அவர் தடுக்கவில்லை. பின்னாளில் யாராவது கேட்டால், "நான் ஒன்னும் சொல்லலீங்க. அவரே பாத்தாரு, அவரே பயந்தாரு" என்பாராம். உண்மைதான். ஊர் தெளிந்து அவருக்குக் கடை கிடைக்கவில்லை. தெளிவதற்காக அவர் காத்திருந்தால் கருப்பண்ணன் வீட்டு மூலையில்தான் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கேமராவில் பிளேட் போட்டாயிற்று, யாராவது உட்காருங்கள் என்றார் இன்னாசி. சாலம்மாள் படியேறிக் கிருஷ்ணப்பன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்.

"ஏக்கா, உப்பு இன்னிக்குக் கெடைக்குமா கெடைக்காதா?" என்று செல்லி கத்தினார்.

படம் எடுத்து முடியட்டும், தள்ளி நில்லம்மா என்றார் இன்னாசி.

"அவ நிக்கட்டும்ணே" என்றார் சாலம்மாள். "போணி ஆவாத கடைய எதுக்குப் படம் எடுக்கறீங்க?"

அதனால்தான் இரண்டாவது படத்தில், மற்றக் கடைப் படங்களில் இல்லாத ஓர் ஆள் இருக்கிறார். செல்லியின் முதுகும், ஏந்திய மடியின் ஓரமும் தெரிகின்றன. அசையாதே என்று எவ்வளவு சொல்லியும் அவர் கை அசைந்திருக்கிறது. கை இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் புகைதான். சாலம்மாள் நேராகப் பார்க்கிறார். வலது ஓரத்தில், போகவும் மனமில்லாமல் வரவும் துணியாமல் நின்ற கருப்பண்ணன் பாதியாக வெட்டுப்பட்டிருக்கிறார்.

படம் சேலத்திலிருந்து வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. கடைக்கு வெளியே நின்றபடியே கருப்பண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"நேரால்ல இருக்குது?"

"ஆமாங்க மாமா. நீங்க காலு வெக்கலீல்ல, அதான் நேராயிருச்சு" என்றார் சாலம்மாள்.

கருப்பண்ணன் சொன்ன சொல்லை மாற்றவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். கடையைத் திரும்பக் கேட்கவும் இல்லை, அந்தப் பக்கம் வரவும் இல்லை. ஊரும் உடனே மாறிவிடவில்லை. செல்லியின் உப்புக்காகக் காத்திருந்த பெண்கள் அதற்குப் பிறகும் காத்திருந்தார்கள். படம் லட்சுமிக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு முதலாளியம்மா என்று கூப்பிட்டவர்களும் போணிக்கு ஒதுங்கித்தான் நின்றார்கள்.

அதை மாற்றியது யுத்தம். மண்ணெண்ணெய் அளந்துதான் வந்தது. அதுவும் வந்தால் உண்டு. டின் வந்து இறங்கிய செய்தி கிடைத்தால் விடிவதற்குள் கடை முன்னால் பாட்டிலும் செம்புமாகக் கூட்டம் நிற்கும். பின்னால் நிற்பவருக்கு மிஞ்சுமோ மிஞ்சாதோ தெரியாது. நீ முன்னே போ அக்கா என்று சொல்ல இப்போது ஆளில்லை. முந்தியவர் கையில் போணி. செல்லிகூட ஒரு நாள் வரிசையில் கடைசியில் நின்று, "அக்கா, எம் போணிய இவங்கெல்லாம் தின்னுட்டாங்க" என்று கத்தினார்.

அப்படி ஒரு காலையில் கதவைத் திறந்த சாலம்மாளுக்கு எதிரே, எல்லோருக்கும் முதலாக, கையில் பாட்டிலோடு கருப்பண்ணன் நின்றார். வீட்டில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது, விளக்கு இல்லாமல் முடியாது. பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. ஒரு கால் ஏற்கனவே படிக்கல் மேல் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

சாலம்மாள் பாட்டிலை வாங்கி, புனல் வைத்து, கழுத்து வரை அளந்து ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"போணி நீங்கதானுங்க மாமா" என்றார். "உங்க கைராசி எப்பிடின்னு சாயங்காலம் சொல்றேன்."