பிலோமினாவின் எடை

மகளின் பள்ளியிலிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது: உயரம் இவ்வளவு, எடை இவ்வளவு, பல் சுத்தம். "நெஜமாவே மெஷின்ல ஏத்தி நிறுத்தினாங்களா?" என்று கேட்டேன். "பின்ன, சும்மாவா போடுவாங்க?" என்றாள். போடுவார்களே! போட்டவளே நான்தானே.

பாலக்கரையில் நான் ஒன்பதாவது படித்த பள்ளியில் எல்லோருக்கும் ஒரு ஹெல்த் கார்டு உண்டு. மஞ்சள் அட்டை, மூலையில் போட்டோ. வருஷத்துக்கு இரண்டு தடவை எடை பார்த்து எழுத வேண்டும். எழுத வேண்டிய பி.டி. பீரியடைத்தான் கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொள்வாரே! எடை மெஷினும் முள் நகராமல் ஸ்டோர் ரூமில், வலித்தைல வாசனைக்கு நடுவே கிடந்தது. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் பி.டி. மிஸ் என்னைக் கூப்பிடுவார். "உனக்குத்தான் கையெழுத்து நல்லாருக்கு. போன தடவையோட ரெண்டு கிலோ கூட்டிப் போட்டுடு." ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நசுங்கி வரும் நோஞ்சான் நான்; எனக்கும் இரண்டு கிலோ போட்டுக்கொண்டேன். அதில் ஒரு பெருமை வேறு.

பிலோமினா என் பக்கத்தில் உட்காருபவள். ஓட்டத்தில் அவளை யாரும் பிடிக்க முடியாது. அந்த வருஷமோ, மைதானத்தை ஒரு சுற்று முடிப்பதற்குள் குழாயடிக்குப் போய்விடுவாள். வாயை வைத்தால் எடுக்கமாட்டாள். "காவேரியையே குடிச்சிடுவ போலருக்கே" என்பேன். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தாள். அதையும் கிண்டல் செய்தேன், பாவி.

ஒரு நாள் அவள் அம்மா வந்தார். காந்தி மார்க்கெட்டில் காய் விற்ற கையோடு வந்ததால் முந்தானையில் கொத்தமல்லி வாசனை. "புள்ள இளைச்சுக்கிட்டே போவுது மிஸ். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

மிஸ் கார்டை எடுத்து நீட்டினார். "பாருங்கம்மா, முப்பத்தாறு இருந்தவ முப்பத்தெட்டு ஆயிருக்கா. வளர்ற வயசு, ஒண்ணுமில்ல." தான் எழுதச் சொன்னதை மிஸ்ஸே மறந்துவிட்டாரா, நம்பிவிட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்தால் திட்டு விழுமே என்று பயம். அம்மா அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். "மாதாவே, ரெண்டு கிலோ ஏறியிருக்கா!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மூன்றே வாரம். வகுப்பில் மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சர்க்கரை என்றார்களாம், முன்னாடியே கொண்டுவந்திருக்கலாமே என்றார்களாம். மறுநாள் பிலோமினா இல்லை.

துக்கத்துக்குப் போனபோது மாதா படத்துக்குக் கீழே அந்தக் கார்டு இருந்தது. அவளுடைய போட்டோ அது ஒன்றுதானாம். "நீ எழுதினதாமே கண்ணு, முத்து முத்தா இருக்கு" என்றார் அம்மா. அப்போதும் நான் சொல்லவில்லை.

மகளின் பள்ளியிலிருந்து செய்தி வந்த மறுநாள் பாலக்கரைக்குப் போனேன், இப்போதாவது சொல்லிவிடலாமென்று. நாங்கள் ஓடிய மைதானத்தில் கட்டடம் எழும்பியிருக்கிறது. குழாயடியைக் காணோம். பிலோமினா வீடிருந்த இடத்தில் செல்போன் கடை. எதிர்வீட்டுப் பெண்தான் சொன்னாள்: "அந்தம்மா போன தை மாசமே போய்ச் சேந்துட்டாங்களே. ஒரு மஞ்ச அட்டைய நெஞ்சு மேல வெச்சுத்தான் பொதைக்கணும்னு சொல்லியிருந்தாங்க. அப்படியே செஞ்சோம்."

இனி யாரிடம் போய்ச் சொல்வேன், சொல்லுங்கள்?