ஆணி கிடந்தது மைதானத்தில்

எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்தின் செயலாளர் பொய் எழுதியிருக்கிறார். விழாவுக்கு முன்பே வெளியிட்ட ஆண்டு விழா மலரில் கழகம் வளர்ந்த கதையை எட்டுப் பக்கத்துக்கு நீட்டி, எங்கள் இடது ஓர ஆட்டக்காரன் 'தன் வீட்டு முற்றத்தில் ஆணி குத்தி' இறந்துபோனான் என்று அச்சடித்திருக்கிறார். அது பொய் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அப்போது அணித் தலைவன் நான்தான்.

ஐம்பதுகளின் நடுவில், திண்டுக்கல்லில் நடந்தது இது. நாங்கள் எல்லோரும் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். ஷாப் முதலாளிதான் கழகத் தலைவர். அங்கே கணக்கு எழுதியவர்தான் செயலாளர். பகலில் தோலை விரித்து ஆணி அடித்துக் காயப்போடும் பொட்டலே சாயங்காலம் எங்கள் மைதானம். எல்லோருக்கும் வெறுங்கால்தான். அதனால் ஆட்டத்துக்கு முன் பதினொரு பேரும் வரிசையாகக் குனிந்து, பொட்டல் முழுக்க நடந்து, விட்டுப்போன ஆணிகளைப் பொறுக்குவோம். கழகம் தொடங்கிய நாளிலிருந்து அது வழக்கம். மலரில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மதுரை அணியோடு ஷீல்டு இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வியாழன், பொழுது சாய்கிற நேரமாகிவிட்டது. இன்றைக்குப் பொறுக்க வேண்டாம், பந்தை எடுங்கள் என்றேன். நான்தான் சொன்னேன். கால் மணி நேரத்தில் இடது ஓரத்தில் ஓடியவன் உட்கார்ந்துவிட்டான். துருப்பிடித்த ஆணி, பாதத்தில் முக்கால் விரல் ஆழம் இறங்கியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒருவன் சொன்னான். செயலாளர் மறித்தார். "ஊசி போட்டா கால் வீங்கிக் கெடப்பே. ஞாயித்துக்கெழம ஆட்டம் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

பிறகு நாங்கள் செய்தது, தோல் ஷாப்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் அவன் காலை முக்கினோம். அந்தத் தண்ணீர் மாட்டுத் தோலையே இறுக்குகிறதே, ஒரு புண்ணை இறுக்காதா என்று நினைத்தோம். காலைப் பிடித்து முக்கியவன் நான். அவன் சிரித்தான். "ஏலே, பாத்து முக்கு. நாளைக்கு என்னையச் செருப்பாத் தச்சு வித்துராதீக."

புண் மேலே மூடிக்கொண்டது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஞாயிறன்று ஆடினான். அவன் தள்ளிக் கொடுத்த பந்தில்தான் ஜெயித்தோம். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு முதலாளி பிரியாணி போட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்த அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "ஷீல்டு வந்ததுலருந்து தொரை நம்மகிட்ட வாயே தொறக்க மாட்டேங்குறாரு." பந்தியே சிரித்தது. அவன் முகமும் சிரிப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தது. சிரிக்கிறான் என்றே நினைத்தோம். தாடை பூட்டிக்கொண்டது என்று புரிய இன்னும் செத்த நேரம் ஆனது.

ரணஜன்னி. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருட்டு அறையில் கிடந்தான். வெளியே ஒரு தட்டு விழுந்த சத்தத்துக்கு உடம்பு வில்லாக வளைந்தது. எங்கே குத்தியது, எதைப் போட்டுக் கழுவினீர்கள் என்று டாக்டர் கேட்டார். பதில் சொல்லும் முன் செயலாளர் என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனார். "கிரவுண்டுலன்னு சொன்னா மொதலாளி கிரவுண்டப் புடுங்கிருவாரு. ஒனக்கும் வேல இருக்காது. வீட்டுலன்னு சொல்லிருவோம்." நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவனுடைய அம்மா பழைய பெட்டிப் பலகைகளை வாங்கி, உடைத்து அடுப்பெரிப்பவர். அந்தப் பலகையில் இருந்த ஆணிதான் என்று அவருக்கு எடுத்துச் சொன்னவரும் செயலாளரே. ஆட விடமாட்டார் என்று பயந்து, எங்கே குத்தியது என்று அவன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை; அந்த அம்மா நம்பிவிட்டார். ஐந்தாம் நாள் மகனை அடக்கம் செய்தார்கள். அதிலிருந்து தினமும் காலையில் முற்றத்தைப் பெருக்கிய பிறகு தரையைக் கையால் தடவித் தடவி ஆணி தேடுகிறார். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன்.

போன மாதம் அந்த அம்மா மலரைக் கொண்டுவந்து, மகனைப் பற்றி என்ன போட்டிருக்கிறது, படி என்றார். படித்தேன். முடித்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: பொறுக்காத ஆணி, தொட்டித் தண்ணீர், தாழ்வாரத்துப் பேச்சு எல்லாம். அவர் நம்பவில்லை.

"என் மனசு ஆறட்டும்னு சொல்றே. பொஸ்தகத்துல பொய்யா போடுவாக? என் பலகதாம்ப்பா என் புள்ளையக் கொன்னுச்சு."

வேலை போய்விடும் என்று அன்று பயந்தேன். ஒரு தாய் மேல் பழி விழுந்ததே, அதற்குப் பயப்படவில்லை. இன்றைக்கும் சோற்றில் கை வைத்தால் அந்தப் பந்திச் சிரிப்புதான் காதில் கேட்கிறது. இனி என் சொல் அந்த அம்மாவிடம் செல்லாது. அச்சில் போட்டவர் சொன்னால்தான் செல்லும். செயலாளர் அவர்களே, ஆண்டு விழாவுக்கு அவரை அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைக்கிறேன். நான் செய்ததை நான் மேடையேறிச் சொல்கிறேன். ஆணி எங்கே கிடந்தது என்று நீங்கள் ஒலிபெருக்கியில், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.