ராசப்பன் கூட்டிய ஐந்து

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படகின் பெரிய பாயை மடித்தார்கள். குளக்கரைப் படகுக் கொட்டகை வாசலில் ஒரு முனையை ராசப்பன் பிடித்திருந்தார், மறுமுனையை மகள் அன்புச்செல்வி.

"இறுக்கிப் புடி கண்ணு. சுருக்கம் உழுந்துரும்."

"புடிச்சுட்டுத்தானுங்ப்பா இருக்கறேன். நீங்கதான் உட்டு உட்டுப் புடிக்கறீங்க."

"பம்புக் கம்பெனி இஞ்சினீரு. ஒரு துணியப் புடிக்கத் தெரியல," என்று சிரித்தார்.

அதுதான் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை. மறுநாள் காலையில் அதே பாயின் அடியில் சிக்கி ராசப்பன் இறந்துபோனார்.

அவருடைய அப்பா வெள்ளகோவில் பக்கம் தோட்டத்துக் கூலி. ராசப்பன் கிணற்றில் நீச்சல் பழகியவர். கடலைப் பார்த்ததே இல்லை. பீளமேட்டில் ஒரு கல்லூரி, கடற்படைப் பயிற்சி எடுக்கும் மாணவர்களுக்காகச் சிங்காநல்லூர்க் குளத்தில் இரண்டு பாய்மரப் படகுகளை வைத்திருந்தது. அவற்றைப் பார்த்துக்கொள்ள 1974இல் சேர்ந்தார். நீச்சல் தெரியும் என்பதுதான் தகுதி. மற்றதெல்லாம் படகிலேயே பழகிக்கொண்டது. எந்த நாளில் எந்தப் பாய் என்று முடிவு செய்யும் வேலையும் நாளடைவில் அவர் கைக்கு வந்துவிட்டது. கப்பற்படையில் இருந்து ஓய்வு பெற்ற பயிற்சியாளர் கோபாலசாமியே ஒதுங்கிக்கொண்டார்.

"நான் கடல்ல இருந்தவன் ராசப்பா. இந்தக் குளத்துக் காத்து எனக்குப் பிடிபடல. நீயே சொல்லீரு."

பாய்கள் மூன்று. இளங்காற்றுக்குப் பெரியது. காற்று ஏறினால் நடுப்பாய். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பிய்த்துக்கொண்டு வரும் காற்றுக்குச் சின்னப்பாய். இளங்காற்றில் சின்னதைக் கட்டினால் படகு ஆகாயத்தாமரைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெருங்காற்றில் பெரியதைக் கட்டினால் கவிழும்.

ராசப்பன் இதைக் குளத்தை ஒட்டிய மில்லின் புகைபோக்கியைப் பார்த்துச் சொன்னார். புகை சாய்ந்தால் பெரிய பாய். வளைந்தால் நடுப்பாய். படுத்துக்கொண்டால் சின்னது. வாயிலிருந்து வரும்போதே பிய்ந்தால் அன்றைக்குப் படகு இல்லை. இருபத்தோரு வருஷம் ஒரு மாணவன் முங்கியதில்லை.

தொண்ணூற்றைந்தில் மில்லை மூடினார்கள். புகை நின்றது.

"கண்ணக் கட்டி உட்டாப்புல இருக்குது அம்மணி," என்றார் ராசப்பன் மகளிடம்.

அன்புச்செல்வி பழைய டேப் ரெக்கார்டர் மோட்டார் ஒன்றில் நான்கு எவர்சில்வர் கிண்ணங்களைப் பூட்டினாள். காற்றில் கிண்ணம் சுற்றும். மோட்டார் கரண்ட் தரும். கொட்டகைக்குள் இருக்கும் மீட்டரில் முள் நகரும். மொபெட்டின் வேகத்தோடு ஒப்பிட்டு முள்ளுக்கு அளவு குறிப்பதற்காக, காற்றில்லாத ஒரு விடியலில் அப்பா மொபெட் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து கருவியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி திருச்சி ரோட்டில் போனாள். டீக்கடையிலிருந்து ஒருவர், "ஏனுங்க, பொண்ணு பறந்துரப் போவுது, மெதுவாப் போங்க," என்று கத்தினார். ராசப்பன் அதை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

தொண்ணூற்றாறு மார்ச்சில் கருவியைக் கொட்டகைக் கூரையில் நிறுத்தினாள். ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள்: மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வரை பெரிய பாய், இருபத்தைந்து வரை நடுப்பாய், முப்பத்தைந்து வரை சின்னப்பாய். ராசப்பன் தினமும் ஒரு நோட்டில் முள் காட்டியதையும் கட்டிய பாயையும் எழுதிவைத்தார்.

ஆடி மூன்றாம் வாரம், சனிக்கிழமை. மாணவர்கள் வருவதற்கு முன்னால், வழக்கம்போலத் தனியாக ஒரு சுற்றுப் போய்வரப் புறப்பட்டார். பெரிய பாயைக் கட்டியிருந்தார். நடுக்குளத்தில் காற்று அடித்தது. படகு கவிழ்ந்து ஈரப்பாய் மேலே மூடிக்கொண்டது. நீச்சல் உதவவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அன்புச்செல்வி அதே அளவில் இன்னொரு கருவி செய்து எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: தன் கருவி அப்பாவைக் கொன்றதா?

கரையோரம் திறந்த வெளியில் பிடித்தாள். இருபது. உள்ளே போய்க் கூரைக் கருவியின் முள்ளைப் பார்த்தாள். எட்டு. திரும்பத் திரும்ப எடுத்தாள். அதேதான்.

காரணம் கண் முன்னால் நின்றது. கொட்டகைக்கு மேற்கே, பத்தடி தள்ளி, மூடிய மில்லின் குடோன். மார்ச்சில் காற்று கிழக்கே இருந்து வரும், மறைப்பு இல்லை. ஜூனில் மேற்குக் காற்றாகத் திரும்பும், குடோன் மறைக்கும். கோயமுத்தூரில் பிறந்த யாருக்கும் காற்று திரும்புவது தெரியும். அவளுக்கும் தெரியும். கருவியை வைக்கும்போது நினைக்கவில்லை.

பிறகு நோட்டைப் பிரித்தாள். மே வரை வெறும் எண்கள். ஜூன் ஏழாம் தேதியிலிருந்து வேறு மாதிரி.

4 + 5 = 9. பெரிய பாய்.
5 + 5 = 10. பெரிய பாய்.

கடைசி வரி: 9 + 5 = 14. பெரிய பாய்.

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. முள் குறைவாகக் காட்டுகிறது என்று கன்னத்தில் பட்ட காற்றே சொல்லியிருக்கும். யாரிடமும் சொல்லாமல் ஐந்து கூட்டிக்கொண்டார். ஆனால் மறைத்த காற்று ஒரே அளவாகக் குறையாது, அடிக்கிற வேகத்துக்குத் தக்கபடி பங்காகத்தான் குறையும். கூரையில் நான்கு என்றால் குளத்தில் பத்து. அவர் கணக்கில் ஒன்பது. கிட்டத்தட்டச் சரியாக வந்தது, நம்பிவிட்டார். கூரையில் ஒன்பது என்றால் குளத்தில் இருபத்திரண்டுக்கு மேல். நடுப்பாய்க் காற்று.

அவளிடம் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை.

வீட்டுக்கு வந்து அம்மா பாவாத்தாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நாந்தானுங்ம்மா தப்பான எடத்துல வெச்சேன்."

பாவாத்தாள் கேட்டாள்: "தப்புன்னு தெரிஞ்சும் உங்கிட்டச் சொல்லுலியா அந்த மனுசன்?"

"இல்லீங்."

"எங்கொழம்புல உப்புக் கம்மின்னா ஊருக்கே கேக்கறாப்புலச் சொல்லுவாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உம்பட மெஷினக் கொறை சொல்ல வாய் வருல போல."

அன்புச்செல்விக்கு அழுகை அப்போதுதான் வந்தது. பாவாத்தாள் தடுக்கவில்லை. ஓய்ந்த பிறகு சொன்னாள்: "லேத்துப் பட்டறை நரசிம்மலு எழவுக்கு வந்தப்ப என்னமோ குழாயின்னாரு. எனக்கு அப்ப ஒண்ணும் ஏறுல. போயி என்னன்னு கேட்டுட்டு வா."

பட்டறை சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். நரசிம்மலு எழுந்து வந்து, சுவரில் சாத்தியிருந்த இரும்புக் குழாயைக் காட்டினார். இருபதடி இருக்கும். அடியில் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தது.

"குடோன் ஒசரத்தத் தாண்டோணும்னு உங்கப்பா சொன்னாருங்க அம்மணி. அவரு போறதுக்குப் பத்து நாளைக்கு முந்தியே ரெடி. மேல மெஷினப் பூட்டற போல்ட்டுத் தொளை மட்டும் பாக்கி."

"ஏனுங்க போடல?"

"அளவு தெரியலீன்னாரு. பாப்பாகிட்ட நைசாக் கேட்டுட்டு வாரேன், அது வரைக்கும் போட்றாதன்னாரு. அளவு எதுக்குன்னு பாப்பா கேட்டா என்னங்க சொல்லுவீங்கன்னேன். அதத்தான் ரோசன பண்ணீட்டிருக்கறேன்னு போனாருங்க."

அன்புச்செல்வி குழாயின் வாயைத் தொட்டுப் பார்த்தாள். விளிம்பை ராவி வைத்திருந்தார்கள்.

"எட்டு எம்.எம்.ங்க," என்றாள்.