எல்லோருக்கும் இரண்டு உருவம்

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். மெட்ராஸ்காரி. அவள் மேல் எனக்கு இருந்த பொறாமைக்கு நியாயமான காரணம் ஒன்றுகூடக் கிடையாது, அதனால் அது குறையவும் இல்லை. நான் ஸ்ரீபெரும்புதூரில் ஆறு மணி பஸ்ஸில் தொற்றி, பூந்தமல்லியில் இறங்கி வேறு பஸ் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து வந்து சேரும்போது அவள் முதல் பெஞ்சில் புடவை கசங்காமல் உட்கார்ந்திருப்பாள். வீடு கல்லூரிக்கு அடுத்த தெரு. எனக்கும் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருப்பாள். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் இருவரும் இதழியல் படித்துக்கொண்டிருந்தோம். டிவியையும் பாடமாகச் சேர்த்த புதிது. ஒருநாள் பேராசிரியர் ஒரு வேலை கொடுத்தார். வரும் ஞாயிறு காலை டிவியில் பழைய வெளிநாட்டு விஞ்ஞானக் கதைத் தொடர் ஒன்று வருகிறது, அந்த ஒரு வாரக் கதையைப் பார்த்துவிட்டு, அதை எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று அலசி எழுத வேண்டும். யார் எழுதியது சிறந்ததோ அவருக்கு டிவி நிலையத்தில் கோடைப் பயிற்சி. ஒரே ஒரு இடம்.

எனக்கு அது வேண்டும். அந்த வாசலுக்குள் ஒரு தடவை நுழைந்துவிட்டால் அப்புறம் என்னை யாரும் வெளியே அனுப்ப முடியாது என்று நம்பினேன். அதைவிட முக்கியம், அது அவளுக்குக் கிடைக்கக் கூடாது.

வகுப்பு முடிந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். "சனிக்கிழமையே எங்க வீட்டுக்கு வந்துடுடி. கலர் டிவி வாங்கியிருக்கோம். சேர்ந்தே பாக்கலாம்."

"எங்க ஊர்லயும் டிவி இருக்கு" என்றேன் வெடுக்கென்று.

இருந்தது. எங்கள் தெருவுக்கே ஒன்று, அரிசி மில்காரர் வீட்டில். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊரே போய்ப் பார்த்தது, நான் மட்டும் வீம்புக்குப் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றேன். நான் உட்காருவதற்குள் கதை ஆரம்பித்துவிட்டது.

வேறு கிரகத்துக்குப் போய்த் திரும்பி வந்த ஒருவனின் கதை. ஊர் அவனைக் கொண்டாடுகிறது. மனைவிக்கு மட்டும், வந்திருப்பது தன் புருஷன்தானா என்று சந்தேகம். அவன் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவனுக்கு வலப்பக்கத்தில், ஒரு விரற்கடை தள்ளி, மங்கலாக இன்னொரு அவன். அவன் நடந்தால் அதுவும் நடந்தது. மனைவிக்கும் அப்படியே. மேஜை மேல் இருந்த கோப்பைக்குக்கூட ஒரு ஜோடி.

மில்காரர் மனைவி முகத்தைச் சுளித்தாள். "இன்னாங்க இது, இன்னிக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா கீது?"

புது டிவியைப் பற்றி ஒரு குறை கேட்க மில்காரருக்குப் பொறுக்குமா? "வேற ஒலகத்துக் கதைடி. அப்பிடித்தான் எடுப்பான். சும்மா குந்திகினு பாரு."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதை முடிகிற நேரத்தில் கரண்ட் போனது. ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்து பதினொரு பக்கம் எழுதினேன். இந்தக் கதையின் உயிரே இரட்டை உருவம்தான். புருஷனுக்கு மட்டும் அதைக் கொடுத்திருந்தால் சாதாரண இயக்குநர், சந்தேகப்படுகிற மனைவிக்கும் கொடுத்ததில் இருக்கிறது மேதைமை. கோப்பைக்குத் தனியாக ஒரு பக்கம்.

திங்கட்கிழமை கேன்டீனில் அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் வயிறு எரியட்டும் என்றுதான் படித்தேன், வேறு எந்த நல்லெண்ணமும் கிடையாது. போதாததற்கு அது கறுப்பு வெள்ளைப் படம். கலர் டிவி வாங்கி என்ன பிரயோஜனம் என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாவது உருவமா? நான் கவனிக்கலையேடி" என்றாள்.

"கதைய மட்டும் பாத்துக்கிட்டிருந்தா எப்படித் தெரியும்?"

அவள் முகம் சுருங்கிப்போனது. அன்று குடித்த டீயைப் போல ருசியான டீயை நான் குடித்ததே இல்லை.

இருவரும் கட்டுரையைக் கொடுத்தோம். அடுத்த வாரம் பேராசிரியர் எங்கிருந்தோ ஒரு வீடியோ டெக்கும் அதே கதையின் கேசட்டும் கொண்டுவந்து போட்டார். கதவு திறந்தது, அவன் வந்தான். தனியாக வந்தான். மனைவி தனியாக நின்றாள். கோப்பை தனியாக இருந்தது. கேசட்டில்தான் ஏதோ கோளாறு என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் இரண்டு கட்டுரைகளை மட்டும் கையில் எடுத்தார். "இந்த ரெண்டு பேருக்கு மட்டும் ஆளுக்கு ரெண்டு ஆள் தெரிஞ்சிருக்கு" என்றார். வகுப்பு சிரித்தது. முதலில் என்னை எழுப்பினார். "எங்கம்மா பாத்தே?"

"எங்க ஊர்ல சார். ஸ்ரீபெரும்புதூர்."

"அதானே. சிக்னல் எதுலயாவது மோதித் திரும்பி வந்தா படத்துல நிழல் விழும். ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பியிருந்தா போயிருக்கும்மா."

கடைசி பெஞ்சுகள் மேஜையைத் தட்டிச் சிரித்தன. பயிற்சி, அந்தக் கடைசி பெஞ்சில் இரண்டே பக்கம் எழுதியிருந்த ஒருவனுக்குப் போனது. என் மூக்கு உடைந்ததுகூடப் பெரிதில்லை. அடுத்து அவளை எழுப்பினார்.

"நீ?"

"வீட்ல பாத்தேன் சார்."

"உங்க டிவியிலயும் நிழல் விழுந்துதா?"

"இல்ல சார். தெளிவா இருந்தது."

"அப்புறம் ஏம்மா எழுதினே?"

என்னைக் கைகாட்டுவாள், இவள் ஏமாற்றிவிட்டாள் என்பாள் என்று காத்திருந்தேன். பதிலுக்கு என்ன சொல்லிக் கடிப்பது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன்.

"இவ எழுதினதைப் படிச்சுக் காட்டினா சார். இவ அளவுக்கு எனக்குப் பாக்கத் தெரியாது. இவளுக்குத் தெரிஞ்சிருக்குன்னா, அங்க இருந்திருக்கும், நான்தான் விட்டுட்டேன்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் உட்கார்ந்தாள், என் பக்கத்தில்தான்.

வெட்கம் பிறகு வந்தது, பஸ்ஸில். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது பொறாமைதான், அதுவரை வந்த எல்லாவற்றையும்விடப் பெரிதாக. தன்னைவிட இன்னொருத்தி கெட்டிக்காரி என்று நாற்பது பேர் முன்னால் குரல் தழுதழுக்காமல் சொல்ல அவளால் முடிந்தது. டிவியும் வீடும் என்றைக்காவது நானும் வாங்கிக்கொள்ளலாம். இதற்கு நான் எங்கே போவேன்? அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், மணி அடிக்கிற வரைக்கும் நோட்டில் எதையோ எழுதுகிற மாதிரி குனிந்தே இருந்தேன்.