என் பேரில் விழுந்த திருத்தம்

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனேன். கம்ப்யூட்டர் அறையில் புரோகிராம் எழுதும் வேலை. என்னோடு இரண்டு ஆண்கள், எனக்கு மூத்தவர்கள். நல்லவர்கள்தான், பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் மகா மோசம்.

எந்தப் புரோகிராமைத் திருத்திச் சேமித்தாலும், பழைய பிரதியையும் வைத்துக்கொண்டு, திருத்தியவர் பெயரையும் கம்ப்யூட்டர் பதிந்துகொள்ளும். யாருடைய பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போகிறோமோ, அவர் பெயர். அந்த அறையிலோ அடுத்தவர் டிபன் பாக்ஸில் கை விடுவதுபோல அடுத்தவர் பாஸ்வேர்டை எடுத்துக்கொள்வார்கள். சேர்ந்த புதிதில் நான் சொல்லத் தயங்கியபோது ஒருவருக்கு முகமே சுருங்கிவிட்டது.

"ஏம்மா, ஒளிச்சு வைக்கதுக்கு நாங்க என்ன களவாணிப் பயலுகளா?"

சொல்லித் தொலைத்தேன்.

ஒரு நாள் காலையில் பார்த்தால், நைட் ஷிப்ட் பார்த்த அத்தனை பேருக்கும் ஆப்சென்ட் விழுந்திருந்தது. விடிய விடிய மெஷின் ஓட்டியவர்கள் சும்மா இருப்பார்களா? மில் வாசலில் ஒரே சத்தம். வருகைக் கணக்கு புரோகிராமில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். நள்ளிரவு தாண்டினால் தேதி மாறும் என்பதை மறந்துவிட்டார்கள். திருத்தியவர் என்று திரையில் நின்றது என் பெயர். நான் அந்தப் புரோகிராமைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அதற்குள் செய்தி வாசல்வரை போய்விட்டது. வெளியே வந்த என்னை எங்கள் தெருக்காரர் ஒருவர் மறித்து, "ராத்திரி பூரா நின்னவன வரலைங்கியே, இது உனக்கே நல்லாருக்கா?" என்று கேட்டார்.

மேனேஜர் கோபக்காரர் இல்லை. கம்ப்யூட்டர் அறைக்கு வந்து, ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "தப்பு என்னோடதுதான்னு எழுதிக் குடுத்திரும்மா. பெருசா ஒண்ணும் செய்ய மாட்டேன்."

எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தத் தாள் ஃபைலில் ஏறினால் ஆகவும் ஆகாது. அரை மனதோடு என்னை வேலைக்கு அனுப்பிய அப்பா, அதன்பிறகு பஸ் ஏற விடமாட்டார். அந்த இருவரையும் திரும்பிப் பார்த்தேன். இருவருமே பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

"சார், செத்த நேரம் இங்கன உக்காருங்க" என்றேன்.

மேனேஜருக்கும் ஒரு பாஸ்வேர்டு உண்டு. அவர் கீபோர்டைத் தொட்டதே இல்லை. அவருடைய கார் நம்பர்தான் பாஸ்வேர்டு. அந்த நம்பர் வாட்ச்மேனுக்குக்கூட மனப்பாடம். அதை அடித்து உள்ளே போனேன். தப்பான வரியைச் சரிசெய்து சேமித்தேன். கடைசியாகத் திருத்தியவர் யார் என்று திரையில் வரவழைத்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். "எம்பேருல்லா வருது! நான் எங்கம்மா செஞ்சேன்?"

"நானும் அப்படித்தான் சார் செஞ்சேன்."

அவர் தாளை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப யாரு செஞ்சது?"

"தெரியாது சார்."

உண்மையாகவே தெரியாது. இன்றைக்கும் தெரியாது. மறுநாள் எல்லாருடைய பாஸ்வேர்டும் மாறியது, யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது என்று உத்தரவு. அந்த இருவரும் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள், தப்புச் செய்தவரும் செய்யாதவரும் சேர்ந்தே. செய்யாதவரை நினைத்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கும். அவர் யாரென்று தெரிந்திருந்தால் நானே போய்ப் பேசியிருப்பேன்.