ஏலத்தோட்டத்துக்கு வந்த டெரியர்

போடிமெட்டைத் தாண்டி ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மகனின் படிப்புக்காக மனைவியும் அவனும் தேனியில் இருக்கிறார்கள். நான் மாதம் ஒருமுறை கீழே இறங்குவேன். காலையில் போடியிலிருந்து ஜீப்பில் வரும் பெண்கள் சாயங்காலம் இறங்கிவிட்டால், காய் உலர்த்தும் ஸ்டோரும் நானும்தான்.

சென்ற கோடையில் வந்த முதலாளி குடும்பம் திரும்பும்போது ஒரு நாயை விட்டுச் சென்றது. யார்க்‌ஷயர் டெரியர். சென்னை ஃபிளாட்டில் அது குரைப்பதைப் பொறுக்காமல் எதிர்வீட்டார் சண்டைக்கு வந்தார்களாம். "கொஞ்ச நாளைக்கு வச்சுக்கங்க" என்றார் முதலாளி. கல்லூரியில் படிக்கும் அவர் மகள் கார் கிளம்பும்வரை அழுதாள். அவள் வைத்த பெயர் என் வாயில் நுழையவில்லை. நான் குட்டி என்றே கூப்பிட்டேன்.

ஒரு கையில் தூக்கிவிடலாம், அவ்வளவுதான் உருவம். ஆனால் வேலியோரம் காட்டுமாடு நின்றால் அதையும் விரட்டப் பார்க்கும். ஸ்டோருக்குள் எலி தென்பட்டால் பிடிக்காமல் ஓயாது. பட்டு மாதிரி தரையைத் தொடும் முடிக்குள் அட்டை ஏறினால் தெரியவே தெரியாது. மழை தொடங்கியதும் ஒட்ட வெட்டிவிட்டேன். பிறகு குளிரில் நடுங்கியது. பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி, முன்கால்களுக்கு இரண்டு ஓட்டை போட்டு மாட்டினேன்.

"அண்ணே, கால்சட்டை எப்பத் தைக்கப் போறீக?" என்று காய் எடுக்கும் பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசியது அன்றைக்குத்தான்.

ஆடியில் மண் சரிந்து மலைச்சாலை அடைபட்டது. ஜீப் வரவில்லை, ஆளும் வரவில்லை. கீழேயிருந்து நாய்க்கு வரவழைத்த பாக்கெட் தீனி தீர்ந்தது. தயிர்சோறு வைத்தேன், மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாள் காலை எழுந்து நிற்க முயன்று சாய்ந்து விழுந்தது. உடம்பெல்லாம் உதறியது. சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று போடி கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டேன்.

"சின்ன சாதி நாய். ஒரு வேளை சாப்பிடாட்டியே சர்க்கரை எறங்கிரும். தேன் இருக்கா?"

"இருக்கு சார்."

"விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. வாய்க்குள்ள ஊத்திராதீங்க, புரையேறிரும். வெரசாப் போங்க."

மடியில் போட்டுத் தடவினேன். அந்த மலையில் கூப்பிட்டால் வர ஒருவர் இல்லை என்பது அப்போதுதான் எனக்குச் சரியாக உறைத்தது. வெகுநேரம் கழித்து நாக்கு அசைந்து என் விரலை நக்கியது.

சாலை திறந்து ஜீப் வந்தபின் டாக்டர் சொன்னபடியே செய்தேன். தோல் நீக்கி உப்பில்லாமல் அவித்த கோழி, குழைந்த சோறு, கொஞ்சம் கேரட். கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை. வெங்காயம், திராட்சை, சாக்லேட், எலும்பு எதுவும் ஆகாது. கழுத்துப்பட்டை கட்டி இழுத்தால் வாத்து கத்துவது போல இருமியது. மூச்சுக்குழல் மெலிவு என்றார், நெஞ்சைச் சுற்றிக் கட்டச் சொன்னார். பல் சீக்கிரம் சொத்தையாகும் என்பதால் தினமும் துணியால் துடைத்தேன்.

மனைவியிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன்.

"நீங்க என்ன சாப்ட்டீங்கன்னு கேட்டா ஒத்த வார்த்தையில முடிச்சிருவீங்க. நாய்க்கு மட்டும் இம்புட்டு விவரமா?" என்றாள். கோபமில்லை.

தைப் பொங்கல் முடிந்து முதலாளியின் மகள் வந்தாள். தனி வீட்டுக்கு மாறிவிட்டார்களாம். குட்டி அவளைப் பார்த்ததும் ஊளையிட்டபடி ஓடி மடியில் ஏறிவிட்டது. தீனி முறையை அவள் போனில் குறித்துக்கொண்டாள். கார் வளைவில் திரும்பும்வரை பார்த்தேன். அது சன்னல் பக்கம் திரும்பவில்லை.

சில நாளில் அவள் கூப்பிட்டாள். "அங்கிள், நீங்க சொன்னபடியேதான் வைக்கிறேன். தட்டைத் தொடவே மாட்டேங்குது, கையில ஊட்டினா ரெண்டு வாய் சாப்பிடுது. நீங்க எப்படிக் குடுப்பீங்க?"

யோசித்துப் பார்த்தேன். "தனியா எதுவும் செய்யலம்மா. அது தட்டுக்குப் பக்கத்துல நானும் என் தட்ட வச்சு உக்காந்து சாப்பிடுவேன்."

"இங்க ஆளுக்கொரு நேரம் சாப்பிடுவோம் அங்கிள். சரி, நான் உக்காந்து பாக்குறேன்."

சாப்பிடுகிறது என்று மறுநாள் செய்தி அனுப்பினாள்.

அந்த வாரம், மதியம் பெண்கள் நிழலில் வட்டமாக உட்கார்ந்திருந்த இடத்துக்கு என் டிபன் பாக்ஸை எடுத்துப் போனேன். பேச்சு சட்டென்று நின்றது. பிறகு மூத்தவள் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டு, "கருவாட்டுக் குழம்பு ஊத்தட்டுமாண்ணே?" என்றாள். இப்போது நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நிற்பதில்லை. ராத்திரிச் சாப்பாடு மட்டும் இன்னும் தனியாகத்தான்.