அப்பா விட்ட வரிசை

ஆவி, ஆத்மா என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள், படித்தது உயிரியல். மூளை நின்றால் நினைப்பும் நின்றது, அவ்வளவுதான் என்று இருந்தேன். நீங்கள் நம்பாவிட்டால் கோபமில்லை, எனக்கே இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை.

அப்பா மலேசியாவில், கோல சிலாங்கூர் பக்கத் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவர். ஒரு மர வரிசையின் நடுவில், வெட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பின்னால் உதிரிப் பழம் பொறுக்கி வந்த அம்மாதான் தூக்கினார். தகனம் முடிந்து வந்ததும் என்னிடம் கேட்டார்.

"நீ படிச்சவன், சொல்லுய்யா. அப்பா எங்கயாச்சும் இருக்காரா, இல்ல அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"எட்டாம் நாள் படையலுக்கு வருவாரு, அப்ப பாரு."

"வந்து சாப்ட்டாருன்னா ஒத்துக்கறேன்."

எட்டாம் நாள் மாலை, அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தோம். அவர் வந்து சாப்பிட்டுப் போகும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. அம்மாவின் தம்பி, என் மாமா, சும்மா இருக்கவில்லை.

"டேய், ஸ்டவுட் பீர் போத்தல தொறந்து வச்சியா? மச்சான் பல்லாலயா கடிச்சுத் தொறப்பாரு?"

அம்மாகூடச் சிரித்துவிட்டார். அப்போதுதான் ஜோக்கோ மோட்டார் சைக்கிளில் வந்தான். இந்தோனேசியக்காரன், பல வருடம் தோட்டத்தில் இருந்து தமிழ் பழகியவன். ஆள் பற்றாக்குறையில் அப்பா விட்ட வரிசை அப்படியே கிடக்க, அன்றைக்குத்தான் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவனை அங்கே அனுப்பியிருந்தார்.

"யாருண்ணே வெட்டுனது? வரிசை முழுக்க முடிஞ்சு கெடக்கு லா."

"திருட்டுப் பயலுங்களா இருக்கும்" என்றார் மாமா.

"திருடன் குலைய உட்டுட்டா போவான்? எல்லாம் கீழயே கெடக்கு."

அம்மா எழுந்துவிட்டார். வெளிச்சம் இருக்கும்போதே அவரை என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

அப்பா விழுந்த மரம் வரை, குலைக்காக அவர் வெட்டித் தள்ளிய மட்டைகள் காய்ந்து பழுப்பாகக் கிடந்தன. அதற்கு அடுத்த மரத்திலிருந்து எல்லாம் பச்சை, வெட்டில் ஈரம்கூடக் காயவில்லை. அம்மா மட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் விழுந்த வாக்கில் இழுத்துப் போடுவார்கள். அப்பா மட்டும், பின்னால் வரும் அம்மாவின் காலில் குத்தக்கூடாதென்று, முள் பக்கத்தை மறுபுறம் திருப்பி வைப்பார். ஒவ்வொரு மட்டையும் அப்படித்தான் இருந்தது. அவருடைய நீளக் கம்பு அரிவாளோ சாக்கு சுற்றியபடி எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. கூட வேலை செய்தவர்களைப் பிறகு ஒவ்வொருவராகக் கேட்டேன், யாரும் அந்தப் பக்கமே போகவில்லை.

அம்மா அழவில்லை. "நா ஆக்கி வச்ச சோத்துக்கு வரல. செத்தும் இந்தத் தோட்டக்காரனுங்க மரத்துக்குத்தான் வந்திருக்காரு" என்றார். பிறகு குனிந்து, உதிர்ந்த பழத்தை முந்தானையில் பொறுக்க ஆரம்பித்தார்.

"வரிசை முடிஞ்சிருச்சில்ல? இனி வீட்டுக்கு வந்துருவாருல்ல?"

நான் மட்டும் கடைசி மரம் வரை போய்ப் பார்த்தேன். "முடிஞ்சிருச்சும்மா" என்று கத்தினேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தோம். இலையில் ஒரு பருக்கை கலையவில்லை. மனிதன் செத்த பிறகும் ஏதோ மிஞ்சுகிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த சாட்சி அந்த வரிசை மட்டும்தான், அது கிடைக்காமலே போயிருந்தால் நன்றாயிருக்கும்.

ஒன்றை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அந்தக் கடைசி மரத்தைத் தாண்டி, அடுத்த வரிசையின் முதல் மரத்தடியில் ஒரு மட்டை கிடந்தது. பச்சையாக, முள் பக்கம் மறுபுறம் திருப்பி.